சாமை மெஷினைத் தூக்கிக்கொண்டு ஜவ்வாது மலையில் ஒரு நடை

ஜவ்வாது மலையில் நான் பலமுறை நடந்திருக்கிறேன். அண்ணி சாந்திக்கு இதுதான் முதல் தடவை. தீபாவளிக்கு வந்த உறவுக்காரர்கள் எல்லாம் கிளம்பிப் போன மறுநாள், "மூணு நாளா அடுப்புகிட்டயே நின்னாச்சு, எங்கயாச்சும் கூட்டிட்டுப் போ" என்றார். மலைக்குப் போகலாம் என்றேன். "நடக்கணுமா? ஏன், பஸ் போவாதா?" என்று கேட்டார். போகும், ஆனால் நாம் நடப்போம் என்றேன். அண்ணிக்கு ஐம்பத்திரண்டு வயது. வேலூரில் சொந்தமாகத் தையல் கடை வைத்திருக்கிறார். நாளெல்லாம் மெஷின் மிதிக்கும் அந்தக் கால்கள்மேல் எனக்கு முழு நம்பிக்கை இருந்தது.

என் திட்டம் இதுதான். ஜமுனாமரத்தூரில் இறங்கி, கடுக்காமரத்தூர் என்ற சின்ன ஊர் வரைக்கும் ஏழு கிலோமீட்டர். அங்கிருந்து இன்னும் ஐந்து கிலோமீட்டர் இறங்கினால், அமிர்தி பக்கம் போகும் தார்ச்சாலை. அங்கே மாலை நான்கு மணிக்கு வேலூர் பஸ். நிதானமாக நடந்தாலும் நேரம் மிச்சமிருக்கும்.

வேலூரிலிருந்து விடியுமுன்பே கிளம்பி, போளூரில் ஜமுனாமரத்தூர் போகும் காலை ஆறு மணி பஸ் பிடித்தோம். நாற்பது கிலோமீட்டர், ஒன்றே முக்கால் மணி நேரம். வளைவுகளில் குமட்டும் என்று அண்ணி கையில் எலுமிச்சம்பழம் வைத்திருந்தார். கடைசியில் அதைப் பின்சீட்டில் இருந்த ஒரு கல்லூரிப் பெண்ணுக்குக் கொடுக்க வேண்டியதாயிற்று. இட்லி சாப்பிட்டு எட்டேகாலுக்கு நடக்க ஆரம்பித்தோம்.

முதல் மூன்று கிலோமீட்டர் மண்சாலை. இரண்டு பக்கமும் சாமை அறுத்த தாள் நின்றது. சில நிலங்களில் கதிர்க்கட்டுகளைக் குவித்து, மேலே தார்ப்பாய் போட்டிருந்தார்கள். ராத்திரி பெய்த மழையில் செம்மண் செருப்பில் அப்பிக்கொண்டது. புளியமரங்களுக்குக் கீழே மட்டும் தரை காய்ந்திருந்தது. அண்ணி எனக்கு முன்னால் நடந்தார். மூச்சு வாங்கவில்லை.

ஒரு சிறுபாலத்தின் பக்கத்தில் சாலை பாதி அரித்துக்கொண்டு போயிருந்தது. அதற்கு இந்தப் பக்கம் ஒரு லோடு வண்டி நின்றது. சுற்றி ஆறு பெண்கள். நான்கைந்து பேர், சேலைக்கு மேல் ஆண்களின் சட்டை போட்டிருந்தார்கள்.

"இதுக்கு மேல வண்டி போவாதுங்க. டயர் எறங்கிட்சின்னா நான் இன்னா பண்றது?" என்று டிரைவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவரிடம் பேசிக்கொண்டிருந்தவர் பூங்காவனம். நாற்பது வயது இருக்கும், கடுக்காமரத்தூர் மகளிர் குழுவின் தலைவி. எங்களைப் பார்த்ததும், "எங்கேர்ந்து வர்றீங்க?" என்றார்.

"வேலூருங்க. சும்மா நடக்கலாம்னு."

"நடக்கறதுக்குன்னே வந்தீங்களா!" என்று சிரித்தார். பின்னால் இருந்தவர்களும் சிரித்தார்கள்.

வண்டியில் இருந்தது சாமைக்கு உமி நீக்கும் மெஷின். இதுவரை அந்த ஊரில் சாமையை உலக்கையால் இடிக்க வேண்டும், இல்லையென்றால் மூட்டை கட்டி பஸ்ஸில் கீழே மில்லுக்குக் கொண்டுபோக வேண்டும். அதற்கே ஒரு முழுநாள் போய்விடும். குழுவாகச் சேர்ந்து பலமுறை அலைந்து இந்த மெஷினை வாங்கியிருக்கிறார்கள். காலையில்தான் திருப்பத்தூரிலிருந்து வந்தது. ஆண்களில் பாதிப்பேர் பெங்களூரில் கட்டட வேலையில் இருந்தார்கள். மீதிப்பேர் மலைக்கு அந்தப் பக்கம் ஒரு துக்க வீட்டுக்குப் போயிருந்தார்கள்.

அண்ணி எட்டிப் பார்த்தார். "மோட்டார்ல தண்ணி படக்கூடாதே?"

"அதான் பயமே. நனைஞ்சா திருப்பி எடுத்துக்க மாட்டேன்னு கடைக்காரர் சொல்லிட்டாரு" என்றார் பூங்காவனம். வடக்கே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. இறக்கிப்போட்டுவிட்டுப் போனால் மழையில் கிடக்கும். டிரைவர் அதற்குமேல் காத்திருக்க மாட்டார்.

அண்ணி தன் பையைக் கழற்றி என்னிடம் நீட்டினார். "இந்தா, இத நீ எடுத்துக்க."

"அண்ணி, இவங்களோட போனா நாலு மணி பஸ் கிடைக்காது."

"கிடைக்காட்டிப் போவுது."

நானும் அதைத்தான் நினைத்திருந்தேன். அவர் முந்திக்கொண்டார்.

மெஷினின் உடம்பை ஒரு மூங்கிலில் கட்டி நான்கு பேர் தோளில் ஏற்றினார்கள். அண்ணி ஒரு முனையில். மோட்டார் தனியாக இருந்தது. என் மழைக்கோட்டைக் கழற்றி அதைச் சுற்றிக் கட்டினேன். அதை நானும் பூங்காவனமும் மாற்றி மாற்றித் தூக்கினோம். சாமை கொட்டும் தகரப் புனலைச் செல்வி என்ற இளம்பெண் தலையில் வைத்துக்கொண்டாள். மண்சாலையை விட்டுவிட்டு ஒற்றையடிப் பாதையில் ஏறினோம். ஒரு கிலோமீட்டர் போவதற்குள் மழை பிடித்துக்கொண்டது.

ஊருக்குச் சற்று முன்னால் ஓர் ஓடை. வழக்கமாகக் கணுக்கால் நனையும் தண்ணீர் அன்று முழங்காலுக்கு மேல், செம்மண் நிறத்தில், இரைச்சலோடு போனது. பூங்காவனம் இறங்கப் போனார். நான் நிறுத்தினேன்.

"இங்க குறுகலா இருக்குதுங்க, இழுப்பு ஜாஸ்தி. கொஞ்சம் மேல, பாறையில தண்ணி விரிஞ்சு போகுது பாருங்க. அங்க ஆழம் இருக்காது."

"ஆழம் இருக்காது, ஆனா பாறை பாசி புடிச்சிக் கீது. மோட்டாரோட வுழுந்தா?"

இரண்டு பேர் சொன்னதும் சரிதான். ஓடை ஏறிக்கொண்டிருந்தது, விவாதிக்க நேரமில்லை. மெஷினைச் சுற்றிக் கட்டியிருந்த கோணிச் சாக்குகளைப் பூங்காவனம் உருவினார். பாறைமேல் விரித்துக் கல் வைத்தோம். காலுக்குப் பிடி கிடைத்தது. எல்லோரும் வரிசையாக நின்று, மோட்டாரைக் கைமாற்றிக் கைமாற்றி அக்கரை சேர்த்தோம். நடுவில் நின்ற அண்ணியின் சேலை இடுப்பு வரை நனைந்திருந்தது. மோட்டாரை வாங்கும்போது மட்டும் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு மெஷினின் உடம்பும் வந்து சேர்ந்தது.

கடைசியாக வந்த செல்வி சாக்கைத் தாண்டிக் கால் வைத்துவிட்டாள். விழுந்தவள் எழுந்துவிட்டாள், ஆனால் புனல் தண்ணீரில் போனது. அதைப் பிடிக்க அவளும் இரண்டடி எடுத்து வைத்தாள்.

"வுட்டுத் தொலை! நீ ஏறு!" என்று கத்தினார் பூங்காவனம். நான் எட்டி அவள் சட்டையைப் பிடித்தேன். பின்னால் அண்ணி என்னைப் பிடித்தார். கரையேறியதும் செல்வி அழ ஆரம்பித்தாள். "எல்லாரும் பத்திரமா எடுத்தாந்தாங்க, நான் ஒருத்திதான்..." பூங்காவனம் அவள் முகத்தைத் துடைத்துவிட்டார்.

அன்று பூங்காவனம் வீட்டில் தங்கினோம். ஊரில் கரண்ட் இல்லை. சாமைச் சோறும் அவரைக்காய்க் குழம்பும் சாப்பிட்டோம்.

காலையில் கரண்ட் வந்தது. துக்க வீட்டிலிருந்து திரும்பிய பூங்காவனத்தின் கணவர் மாணிக்கத்துக்கு ஒயரிங் தெரியும். மோட்டார் ஓடியது. ஆனால் புனல் இல்லாமல் சாமையை எப்படிக் கொட்டுவது? அண்ணி ஒரு பழைய எண்ணெய் டின் கேட்டு வாங்கினார். செய்தித்தாளை மடித்து, வெட்டி, மெஷினின் வாயில் வைத்துப் பார்த்து, மறுபடி வெட்டினார். "குடைப் பாவாடைக்கு வெட்ற மாதிரிதான். மேல அகலம், இடுப்புல சின்னது" என்றார். அந்த அளவுக்கு மாணிக்கம் தகரத்தை வெட்டி வளைத்தார். கொஞ்சம் கோணல், ஆனால் கச்சிதமாக உட்கார்ந்தது.

முதல் படிச் சாமையைக் கொட்டச் செல்வியைக் கூப்பிட்டார் பூங்காவனம். அவள் மாட்டேன் என்று பின்வாங்கினாள். "இன்னாடி, ஊரே நிக்குது. கொட்டு!" என்றதும் கொட்டினாள். உமி ஒரு பக்கம் பறந்தது. அரிசி பாதி உரிந்தும் உரியாமலும் விழுந்தது. இரண்டாவது முறை போட்டதும் வெளுப்பாக வந்தது. செல்வி அதை அள்ளி ஒவ்வொருவரிடமும் காட்டினாள். என்னிடம் இரண்டு தடவை காட்டினாள்.

இந்தப் பாதையில் நடக்க நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். ஐப்பசியில் பசுமையாக இருக்கும், ஆனால் ஓடைகளை நம்ப முடியாது. முதல் தடவை என்றால் தை, மாசியில் போங்கள். ஊர்களுக்கு இடையே மக்கள் நடக்கும் பாதையை விட்டு விலகாதீர்கள். காட்டுக்குள் போவதென்றால் வனத்துறை அனுமதி வேண்டும். ஒருவருக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், பிடிப்புள்ள செருப்பு, மாற்றுத்துணி அவசியம். செல்போன் சிக்னல் பாதி வழியில் போய்விடும். மாலை பஸ்ஸை மட்டும் நம்பித் திட்டம் போடாதீர்கள். ஒருநாள் கூடுதலாகக் கையில் இருந்தால், வழியில் எதிர்ப்படும் எதற்காகவும் நிற்கலாம். நான் இத்தனை வருடம் நடந்ததில், போட்ட திட்டம் குலைந்ததற்காகச் சந்தோஷப்பட்ட நடை இது ஒன்றுதான்.

பத்து மணிக்கு நாங்கள் கீழே இறங்க ஆரம்பித்தோம். மழை விட்டு வெயில் அடித்தது. இரண்டாவது வளைவில், எதிரே மூன்று பெண்கள் ஏறி வந்தார்கள். பக்கத்து ஊர்க்காரர்கள். தலையில் சாமை மூட்டை. சேதி எப்படி அதற்குள் அங்கே போனது என்று எனக்குத் தெரியவில்லை. முன்னால் வந்தவர் எங்களைப் பார்த்து நின்றார்.

"பூங்காவனம் ஊட்டுலேர்ந்தா வர்றீங்க? மெஷின் ஓடுதா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணி பாதையை விட்டு ஒதுங்கி, அவர்களுக்கு வழிவிட்டார்.

"ஓடுது. போங்க, போங்க" என்றார்.