மறுபரிசோதனையில் அவர் சொன்னது

எழுபத்தொன்றாம் வருஷச் சண்டையில், பட்டாளத்திலிருந்த என் கணவருக்கு இடுப்பில் குண்டுச் சிதறல் பாய்ந்தது. ஊன்றுகோலோடு எங்கள் ஊர் கோவில்பத்துக்கு வந்தவர், அன்றிலிருந்து கூடத்தில்தான் படுத்தார். என்னைப் பிடிக்கவில்லை போலும் என்று நினைத்தேன். மாமியார், "ஏழரைச் சனி, போனா சரியாயிடும்" என்றார். சனிக்கிழமைகளில் திருநள்ளாறு குளத்தில் முழுகி, உடுத்திய துணியை அங்கேயே விட்டு வந்தோம். அவரும் கூடவே முழுகினார்.

கால் ஊனத்துக்கு மட்டும் பென்ஷன் கொடுத்திருந்தார்கள். வேறு பாதிப்பும் உண்டென்று அப்பீல் போட்டார். என்னவென்று என்னிடம் சொல்லவில்லை.

மதராஸில் மறுபரிசோதனை. பூட்ஸ் கழற்றிவிட நானும் உள்ளே போனேன். டாக்டர் என்னைப் பார்த்து, "நீங்க வெளில இருங்கம்மா" என்றார்.

"இருக்கட்டுங்க" என்றார் இவர், சுவரைப் பார்த்துக்கொண்டு. "அடிபட்டதுலேருந்து எனக்கு ஆண்மை இல்லைங்க. இவகிட்டகூட சொன்னதில்ல."

திரும்பும் பஸ்ஸில், "என்னை வேணாம்னு ஒதுக்கிட்டீங்கன்னுல்ல இருந்தேன்" என்றேன்.

"உன்னையா?" என்றார்.

அப்பீல் முடிவு இன்னும் வரவில்லை. குளத்துக்குப் போவதை நிறுத்திவிட்டேன். அவர் பாயை உள்ளே கொண்டுவந்து என் பாயோடு சேர்த்துப் போட்டிருக்கிறேன். பழக்கதோஷம், இப்போதும் சுவரோரம் ஒதுங்கித்தான் படுக்கிறார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு தூங்குகிறேன்.