உடங்காட்டில் நின்ற கறுப்புக் கார்

பேய், முனி என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். எங்களுடையது கிறிஸ்தவ வேதக்கார வீடு. எலுமிச்சம்பழம் நசுக்கி வண்டி எடுக்கிற பழக்கம்கூட எங்களுக்குக் கிடையாது. அதனால் இதைக் கேட்டுவிட்டு நீங்கள் சிரித்தால் கோபப்பட மாட்டேன், வேறு யாராவது சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

எழுபதுகளின் கடைசி. கோவில்பட்டியில் வாடகைக் கார் ஓட்டிக்கொண்டிருந்தேன். தங்கை ரூத்துக்கு வலி கண்டுவிட்டது என்று ஆள் வர, எட்டயபுரத்துக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து அவளையும் அம்மாவையும் ஏற்றிக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்குக் கிளம்பினேன். முதல் பிள்ளை வீட்டிலேயே பிறந்து தங்காமல் போயிருந்தது, இதுவும் போனால் அவளே தங்கமாட்டாள் என்று எனக்குப் பயம். உச்சி வெயிலில், பாதி வழியில் பேன் பெல்ட் அறுந்து இன்ஜின் கொதித்து நின்றுவிட்டது. துண்டைக் கிழித்து முறுக்கிக் கட்டிப் பார்த்தேன், வழுக்கிக்கொண்டு போனது. ரோட்டில் ஒரு மாட்டுவண்டிகூட இல்லை.

"அண்ணே, என்னால முடியலண்ணே" என்று ரூத் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏட்டி, பொறுத்துக்கோ, இந்தா வந்துருதேன்" என்று கையை விலக்கிவிட்டு ஓடினேன்.

ரோட்டை ஒட்டிய உடைமரக் காட்டுக்குள் ஓடினேன். நொடித்துப்போன ஆலை முதலாளி ஒருவரின் பழைய கார்கள் அங்கே துருப்பிடித்துக் கிடப்பது டிரைவர்கள் எல்லோருக்கும் தெரியும். முள் கிழிக்க ஒவ்வொன்றாகத் திறந்தேன். ஒன்றில் சீட்டு முழுக்கக் கரையான், இன்னொன்றில் பாம்புச் சட்டை. பெல்ட் என்று தொட்டதெல்லாம் கையில் உதிர்ந்தது. கடைசியாக ஒரு கறுப்புக் கார். நாலு சக்கரமும் இல்லாமல் கரிசலில் புதைந்து கிடந்தது. ஆனால் சக்கரம் இருக்கவேண்டிய நாலு இடத்திலும் எலுமிச்சம்பழம் நசுங்கிக் கிடந்தது, அந்த வெயிலிலும் சாறு காயாமல்.

ஆபத்துக்குப் பாவமில்லை என்று பானெட்டைத் தூக்கினேன். எங்கள் வண்டி இன்ஜினேதான், பெல்ட் புதுசாக, விறைப்பாக இருந்தது. துருவேறிய போல்ட் விரலால் திருகவே கழன்றது. சத்தியமாகச் சொல்கிறேன், ஓடிவந்து அப்போதுதான் நின்ற வண்டியின் சூடு அந்த இன்ஜினில் இருந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம். பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள், நான் வராந்தாவில் உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

மறுநாள் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவளும் என்னைப் போலத்தான், இதையெல்லாம் நம்பாதவள். ஆனாலும், "ஏலே, எலுமிச்சம்பழம் நசுக்கி யாரோ புறப்பட்டுல்லா நின்னிருக்காவ. அவிய போவண்டாமா? கொண்டுபோய்க் குடுத்துரு" என்றாள்.

வேறு பெல்ட் வாங்கி மாட்டிக்கொண்டு, அதை எடுத்துப் போனேன். அதே கறுப்புக் கார். பானெட்டைத் தூக்கினால் உள்ளே இன்ஜினே இல்லை. தொடை கனத்துக்கு ஒரு உடைமரம் தரையிலிருந்து முளைத்து, அந்த இடத்தை அடைத்து, முன்பக்கமாக வெளியே வளைந்திருந்தது. அது ஒரு நாளில் வளர்கிற மரமா?

மரத்திலாவது மாட்டிவிட்டு வரலாம் என்று பெல்ட்டை உள்ளே நீட்டினேன். என் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டார்கள். பிடுங்கவில்லை, நழுவி விழவும் இல்லை. நாம் கொடுப்பதை இன்னொருவர் வாங்குவார் இல்லையா, அப்படி. குனிந்து தேடினேன், தரையில் எதுவும் இல்லை.

அன்று பிறந்த ரூத்தின் மகள் இன்று பிள்ளைகளோடு நன்றாக இருக்கிறாள். எப்போதாவது என்னைப் பார்க்க வருவாள். காலி டம்ளரை வாங்க அவள் கை நீட்டினால், முகத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டுத்தான் நான் பிடியை விடுகிறேன்.