கரும்பலகையில் இரண்டு கோடு

போன செவ்வாய்க்கிழமை, திருப்பதியில் நான் பி.எட். படிக்கும் கல்லூரியில், கல்வி வரலாற்று வகுப்பு. லெக்சரர் பலகையின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரு கோடு இழுத்து, குருவின் வீட்டிலேயே தங்கிப் படித்த காலம், மணலில் விரலால் எழுதிய காலம், குமாஸ்தாக்களைத் தயாரித்த வெள்ளைக்காரர் காலம் என்று புள்ளி வைத்துக்கொண்டே போனார். நடுவில் ஒரு புள்ளியில் நின்றார். நம் பக்கத்துப் பழைய பள்ளிக்கூடங்களில் வேகமாகப் படிக்கிற பிள்ளைதான் மற்ற பிள்ளைகளுக்குச் சொல்லித்தருமாம். அதைச் சென்னையில் பார்த்த ஒரு வெள்ளைக்காரர் தன் நாட்டுக்கே கொண்டுபோனாராம். வகுப்பே பெருமையோடு நிமிர்ந்து உட்கார்ந்தது. எதற்கெடுத்தாலும் முதலில் கை தூக்குகிறவள் நான். அன்று தூக்கவில்லை. வேகமாகப் படிக்கிற பிள்ளையாக நானும் ஒரு வருடம் இருந்திருக்கிறேன். யாருக்கும் எதையும் சொல்லித்தரவில்லை. பேர் எழுதினேன்.

நகரியில் எங்கள் வீட்டுக்கும் பெரியப்பா வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். பின்னால் பெரியப்பாவின் பவர்லூம் கொட்டகை, எட்டுத் தறி. நான் எல்கேஜியிலிருந்தே கான்வென்ட். பெரியப்பா மகளை அக்கா என்றுதான் கூப்பிடுவேன்; அவள் தமிழ் மீடியத்தில் ஐந்தாவது முடித்தவள். நான் ‘ட்விங்கிள்’ என்று வாயைத் திறந்தாலே வீடு கைதட்டுவதைப் பார்த்துப் பார்த்து, ஒரு ஜூன் மாதம் பெரியப்பா அவளையும் கான்வென்ட்டில் சேர்த்துவிட்டார். இங்கிலீஷ் மீடியத்துக்கு வருகிற பிள்ளையை இரண்டு வகுப்பு இறக்கிப் போடுவது எங்கள் ஊரில் வழக்கம். ஆறாவதில் உட்கார வேண்டியவள் நாலாவதில், என் பக்கத்தில், பெஞ்சுக்கு அடியில் கால் கொள்ளாமல் உட்கார்ந்தாள்.

அந்த வருடம் நான் கிளாஸ் லீடர். சிவப்பு பேட்ஜ் உண்டு. வேலை சுலபம்: மிஸ் வருவதற்குள் எல்லோரிடமும் வாய்ப்பாடு கேட்க வேண்டும், சொல்லாதவர் பேரைப் பலகையில் எழுதி ஒரு கோடு போட வேண்டும். தமிழிலோ தெலுங்கிலோ பேசினால் இன்னொரு கோடு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கொட்டகையில் அக்கா தறிகளுக்கு நூல் கட்டை எடுத்து வைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். “எட்டுத் தறி, தறிக்கு ஏழு. அம்பத்தாறு ஆச்சு நைனா, நாலு மிச்சம்” என்று பெரியப்பாவிடம் எண்ணாமலே சொன்னாள். திங்கட்கிழமை காலை நான் ஸ்கேலை நீட்டி அவளைக் கேட்டேன்: “செவன் எய்ட்ஸ் ஆர்?”

எழுந்து நின்றாள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. பிறகு குனிந்து என் காதில், “அம்பத்தாறுடி. உனக்குத் தெரியாதா? நேத்து நீயும்தான் பக்கத்துல நின்னுக்கினு இருந்த” என்றாள்.

தெரியும். ஆனால் அது தமிழில் வந்ததே! அவள் பேரை எழுதி இரண்டு கோடு போட்டேன். அழகாகவும் போட்டேன், ஸ்கேல் வைத்து.

தசரா லீவு நெருங்கியபோது அக்கா என்னிடம் ஒன்று கேட்டாள். தினமும் காலையில் எனக்குத் தலை பின்னிவிடுவது அவள்தான். பின்னிக்கொண்டே, “தசரா வரிக்கும் பாக்கலாம், படிப்பு ஏறலனா தறிக்கு வந்துடுன்னு நைனா சொல்லிக்கினு இருக்குது. அது ஸ்கூலுக்கு வந்து மிஸ்ஸ கேக்காது, வெக்கப்படும். உன்னத்தான் கேக்கும். பரவால்ல, படிக்கிதுன்னு ஒரு வார்த்த சொல்லிடுடி” என்றாள்.

“பொய் சொன்னா லீடர்லருந்து எடுத்துடுவாங்கக்கா.”

அவள் ரிப்பனைக் கட்டினாள்.

பெரியப்பா கேட்டே விட்டார். அதற்காக, ஓடிக்கொண்டிருந்த தறியை நிறுத்தினார். அந்தச் சத்தத்துக்குள் வளர்ந்த எனக்கு, அது நின்றதே ஒரு மரியாதையாகத் தெரிந்தது.

“இன்னாம்மா லீடரு, உங்கக்கா எப்படி படிக்கிது?”

“டெய்லி போர்டுல பேரு வருது பெரிப்பா. அதுவும் ரெண்டு ரெண்டு கோடு!”

“பாருடா, ஜட்ஜு மாதிரி தீர்ப்பு சொல்லுது!” என்று பக்கத்தில் நின்றிருந்த என் அப்பா சிரித்தார். பெரியப்பாவும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக. அக்கா மூலையில் கட்டைக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்தாள்; தலையை நிமிர்த்தவில்லை. தறி மறுபடி ஓடத் தொடங்கியது.

லீவு முடிந்து நான் மட்டும் பள்ளிக்கூடம் போனேன். அவளுடைய ஜியோமெட்ரி பாக்ஸ் எனக்கு வந்தது. பெஞ்சில் தாராளமாக இடம். அக்காவுக்கு இனி ஹோம்வொர்க்கே கிடையாது என்று எனக்குப் பொறாமைகூட இருந்தது. அந்த வாரத்தில் ஒருநாள், பலகையில் எழுத எனக்கு ஒரு பேரும் கிடைக்கவில்லை. மிஸ் “வெரி குட்” என்று என் தோளைத் தட்டினார். அடுத்த நாள் காலை அக்கா தலை பின்னும்போது அந்த நல்ல சேதியை அவளிடமே சொன்னேன்.

“அக்கா, நேத்து போர்டுல ஒரு பேருகூட இல்ல தெரியுமா!”

“அப்படியா?” என்றாள். அவள் கை ஒரு நொடி நின்றது. பிறகு வழக்கத்தைவிட மெதுவாக, இழுக்காமல், வலிக்காமல் பின்னி முடித்தாள். சந்தோஷப்பட்டாள் என்றுதான் நினைத்தேன்.

அக்கா இப்போது புத்தூரில் இருக்கிறாள். ஒரு மகள், ஒன்றாம் வகுப்பு. திங்கட்கிழமை எனக்கு டீச்சிங் பிராக்டிஸ் தொடங்குகிறது. கார்வேட்டிநகரம் பக்கம் ஒரு பள்ளி, நாலாம் வகுப்பு, ஏழாம் வாய்ப்பாடு. பாடத்திட்ட நோட்டில் ‘எட்டுத் தறி, தறிக்கு ஏழு கட்டை’ என்று எழுதியிருக்கிறேன். தெரிந்த பிள்ளை தெரியாத பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும், எந்த மொழியில் வந்தாலும் விடை விடைதான், பலகையில் பேர் கிடையாது என்றும் எழுதினேன். லெக்சரர் சிவப்பு மையால் அடித்தாலும் அடிப்பார். நடத்திப் பார்க்கப் போகிறேன்.

அதற்கு முன், ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் புத்தூர் போக வேண்டும். நோட்டைக் காட்டினால் அக்கா, “அதெல்லாம் எப்பவோ நடந்தது, மொதல்ல தோச துன்னு” என்பாள். அம்பத்தாறு சரிதான் என்று, தட்டில் கை வைப்பதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.