இரட்டைக் கொக்கி போட்ட புத்தகம்

முதலிபாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் சாம்பிள் அறை என் பொறுப்பு. எந்தத் துணி எந்த ரேக்கில் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அது போதாதென்று ஒரு கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து வைத்தார்கள். அதில் ஒரு வரி அடித்துக் கேட்டால் ரேக் நம்பரை அதுவே சொல்லுமாம். சனிக்கிழமைக்குள் எனக்கு அது வராவிட்டால் நான் செக்கிங் டேபிளுக்குப் போக வேண்டும். அங்கே நாளெல்லாம் நின்றுகொண்டே வேலை. என் முழங்கால் அதற்கு ஒத்துக்கொள்ளாது.

எனக்குத் தெரிந்த இங்கிலீஷ், லேபிளைப் பார்த்துப் பழகிய எழுத்துகள்தான். அந்த வரியை எப்படி அடிப்பது என்று கம்ப்யூட்டர் இன்ஜினியர் தம்பி ஒரு புத்தகம் போட்டார். நிறத்தின் பெயருக்கு இரண்டு பக்கமும் சின்னக் கொக்கி, மேற்கோள் குறி என்பார்களே அதை, வைக்க வேண்டும். ஒற்றைக் கொக்கியா, இரட்டைக் கொக்கியா என்று அவரும் அவர் கூட்டாளியும் இரண்டு நாள் வாதாடினார்கள். கல்யாணப் புடவை எடுக்கப் போகிறவர்கள்கூட அவ்வளவு யோசிக்க மாட்டார்கள். கடைசியில், அச்சில் எடுப்பாகத் தெரிகிறது என்று இரட்டையை வைத்தார்கள். அடித்துப் பார்த்தீர்களா என்று நான் கேட்கவில்லை. படித்தவர்களிடம் அதெல்லாம் கேட்கலாமா?

சனிக்கிழமை முதலாளி பின்னால் வந்து நின்றார். புத்தகத்தில் உள்ளபடியே ஒற்றை விரலால் அடித்தேன். தப்பு என்று சிவப்பாக வந்தது. மறுபடி அடித்தேன். மறுபடியும் சிவப்பு.

"வயசாயிருச்சுங்க, இவங்களுக்கு இதெல்லாம் வராதுங்க" என்றார் தம்பி, முதலாளியிடம்.

"நீயே அடி கண்ணு. புஸ்தகத்துல இருக்கறாப்பலயே அடி" என்றேன் தம்பியிடம்.

அடித்தார். அவருக்கும் சிவப்பு.

"அது சும்மா உதாரணத்துக்குப் போட்டதுங்கம்மா. மெசினுக்கு ஒத்தைக் கொக்கிதான் ஆகும். நாமதான் புரிஞ்சுக்கோணும்."

"ஏங் கண்ணு, ஆர்டர் குடுக்கற பையர் சாம்பிள்ல ரெட்டைத் தையல் போட்டு அனுப்பிப்போட்டு, ஒத்தைத் தையல்னு நீங்கதான் புரிஞ்சுக்கோணும்னு சொன்னா ஒத்துக்குவியா?"

முதலாளி சிரிக்கவில்லை. தையல் மாறிப்போய்த் திரும்பி வந்த பெட்டிகளைப் பார்த்தவர் அவர்.

"ஒத்தையப் போட்டு அடிங்கம்மா" என்றார்.

அடித்தேன். ரேக் நம்பர் வந்தது. எனக்கு முன்பே தெரிந்த நம்பர்தான்.

"அம்மா இங்கயே இருக்கட்டும். இனி புஸ்தகத்துல ஒவ்வொரு பக்கத்தையும் இவங்க அடிச்சுப் பார்த்துக் கையெழுத்துப் போட்டாத்தான் பிரிண்டு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எனக்குக் கையெழுத்து மெதுவாகத்தான் வரும். பேனா மூடியைக் கையில் பிடித்துக்கொண்டு தம்பி பக்கத்தில் நிற்பார். நான் அவசரப்படுவதில்லை.