மதிலடியில் நிற்கும் பாட்டு

பாண் ஆட்டோ ஓட்டுகிறவனுக்குத் தொண்டை தேவையில்லை. கூரையில் கட்டிய ஸ்பீக்கரே பாடிப் பாடி ஆட்களை வாசலுக்கு வரவழைத்துவிடும். நாவற்குடா பேக்கரியில் பாணும் பணிசும் ஏற்றிக்கொண்டு தினமும் வாவிக்கரை வீதியால் போகிறவன் நான். வழியில் ஓர் இராணுவ முகாம். அந்த மதிலைக் கடக்கும்போது உங்கள் கை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். மோட்டார் சைக்கிளின் வேகத்தைக் குறைக்கும், ஃபோனைச் சட்டைப்பைக்குள் தள்ளும். என் கை பாட்டை நிறுத்தும்.

எதிர் வீடு

மதில் தொடங்கும் இடத்தில் நிறுத்தி, முடியும் இடத்தில் திரும்பப் போடுவேன். அப்படிச் செய் என்று எவரும் சொன்னதில்லை. எனக்கு முன் இந்த வழியில் பாண் விற்ற மாமா நிறுத்தினார், நானும் நிறுத்துகிறேன். மதிலுக்கு எதிர்ப்பக்கம் சில வீடுகள் உண்டு. அவற்றில் ஒன்றில் ஓய்வுபெற்ற ரீச்சர் ஒருவர் இருக்கிறார். நான் போகும்போதே படலையடியில் தயாராக நிற்பார். பாட்டில்லாமல் எப்படித் தெரிகிறது என்று ஒருநாள் கேட்டேன்.

"பாட்டு நிண்டா நீ எங்கட வாசலுக்கு வந்திட்டாய் எண்டு அர்த்தம் தம்பி."

வெறும் பத்தை

ரீச்சர் வீட்டுக்குப் பக்கத்தில் வாடகைக்கு இருப்பவர் செல்வமணி அக்கா. அவருடைய சொந்த வளவு, வீடும் கிணறுமாக, மதிலுக்கு உள்ளே இருக்கிறது. அதைத் திருப்பித் தரச் சொல்லிக் கேட்காத இடமில்லை. ஒருநாள் அவர் பாண் வாங்கிக்கொண்டிருந்தபோது, கொழும்பிலிருந்து வாவி பார்க்க வந்த ஒரு சோடி ஆட்டோவை மறித்து, பணிஸ் வாங்கியபடியே, "காம்ப் வர முந்தி இதில என்ன இருந்தது?" என்று கேட்டது.

வாசலில் நின்ற சிப்பாய் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். "ஒண்டுமில்ல, வெறும் பத்தை, முள்ளுக்காடு" என்றேன். அவர்களும் நம்பிக்கொண்டு போய்விட்டார்கள். அக்கா மிச்சக் காசை வாங்கி, எண்ணாமலே சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டார். எனக்கு அவருடைய முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

"அந்தப் பத்தைக்குள்ளதான் தம்பி நான் ரெண்டு புள்ளயும் பெத்தனான்."

பொங்கல் நாள்

முகாமுக்குள் ஒரு சின்னப் பிள்ளையார் கோயில் அகப்பட்டுக் கிடக்கிறது. வருடத்தில் ஒருநாள் பொங்க விடுவார்கள். இந்த முறை அக்கா பானையோடு என் ஆட்டோவில் ஏறினார். கோயிலுக்குப் போகிற சாட்டில் தன் கிணற்றையும் ஒருக்கால் பார்த்து, வளவைப் பற்றி முகாம் பெரியவரிடம் நேரே கேட்க வேண்டும் என்றார். "இண்டைக்கு மட்டும் பாட்ட நிப்பாட்டாத, நாங்க வாறம் எண்டு தெரியட்டும்" என்றும் சொன்னார். நான் ஓம் என்றேன்.

மதில் வந்தது. கை தன்பாட்டில் போய் நிறுத்திவிட்டது. வாசலில் நின்ற சிப்பாய் கிட்ட வந்து, கொச்சைத் தமிழில் சிரித்துக்கொண்டு கேட்டான்: "அண்ணே, ஏன் எங்கட இடத்தில மட்டும் பாட்டு இல்ல? பாண் போறது எங்களுக்குத் தெரியிறல்ல."

அக்கா பானையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி என்னையே பார்த்தார்.

"ஆரும் சொல்லாமலே நீ வாயப் பொத்துறாய், பிறகு நான் தனியப் போய் வளவக் கேட்டா ஆர் தம்பி தருவாங்க?"

இப்போது மதில் நெடுகப் பாட்டைப் போட்டுக்கொண்டுதான் போகிறேன், சத்தத்தை மட்டும் எனக்கே கேட்காத அளவுக்குக் குறைத்துவிட்டு.