பெயரை மட்டும் மாற்றினேன்

அடைப்புக்குறிக்குள் ‘பெயர் மாற்றப்பட்டுள்ளது’ என்று போட்டுவிட்டால் பாவம் கழிந்துவிடும் என்று எங்கள் தொழிலில் ஒரு நம்பிக்கை. கங்கைக்குப் போய் முழுக வேண்டியதில்லை. இரண்டு வார்த்தை போதும். அந்தப் புண்ணியவான்களில் நானும் ஒருவன்.

தேயிலை விலை சரிந்து கிடந்த காலம். ஊட்டியில் ஒரு நாளிதழுக்கு நிருபராக இருந்தேன். சிறு தோட்டக்காரர்கள் கொண்டுபோகும் பச்சை இலையை ஃபேக்டரிகள் வாங்காமல் சாக்கோடு திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தன. கோவையிலிருந்து செய்தி ஆசிரியர் தினமும் போன் செய்வார். “விலை, ஏலம் எல்லாம் எவன்யா படிப்பான்? அழற மாதிரி ஒரு பொம்பளையப் பிடி” என்பார். மலையேறினால் வாந்தி வரும் என்று மேட்டுப்பாளையத்தைத் தாண்டாத மனிதர். மலையில் இருப்பவர்கள் எப்படி அழ வேண்டும் என்பது மட்டும் அவருக்கு அத்துபடி.

கட்டபெட்டில் எனக்குத் தூரத்து உறவில் ஓர் அக்கா இருந்தார். கணவர் இறந்துவிட்டார். வீட்டை ஒட்டிக் கொஞ்சம் தேயிலை, கோவையில் விடுதியில் தங்கி நர்சிங் படிக்கும் ஒரே மகள். ஒரு நாள் டீ குடிக்கப் போனபோது மனசு தாளாமல் சொல்லிவிட்டார். சொந்த இலை வாங்க ஆளில்லாமல் செடியிலேயே முற்றிக் கிடந்தது. அவரோ சொந்த ஃபேக்டரி வைத்திருந்த ஒரு எஸ்டேட்டுக்குக் கூலிக்கு இலை பறிக்கப் போய்க்கொண்டிருந்தார். கேட்பவர்களிடம் தையல் கிளாஸ் என்று சொல்லி வைத்திருந்தார்.

“புள்ளைக்குத் தெரிஞ்சா, படிச்சது போதும்னு பொட்டியத் தூக்கிட்டு வந்துருமுங்க தம்பி. இன்னும் ஒரு வருசந்தான். அதுவரைக்கும் தோட்டம் நல்லா ஓடுதுன்னே இருக்கட்டும்.”

“சரிங்கக்கா” என்றேன். பஸ் ஊட்டிக்கு வந்து சேர்வதற்குள் முதல் பத்தி மனதில் தயாராகிவிட்டது.

பெயரை மாற்றினேன். அதில் யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் தையல் கிளாஸை விட மனம் வரவில்லை. அவ்வளவு அழகான பொய். வாசலில் நின்ற பேரிக்காய் மரத்தையும் விடவில்லை. நர்சிங் படிக்கும் மகளையும் விடவில்லை. வளைவில் இறங்கி இடப்பக்கம் திரும்பு என்று வழி சொல்லாததுதான் பாக்கி. ஆசிரியர் போன் செய்து, “பிரமாதம்யா, என் சம்சாரம் அழுதுட்டா” என்றார். அன்றைக்கெல்லாம் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

விடுதிக்கு வந்த பேப்பரில் மகள் அதைப் படித்திருக்கிறாள். மூன்றாம் நாள் பெட்டியோடு கட்டபெட்டில் வந்து இறங்கிவிட்டாள், யார் சொல்லியும் திரும்பிப் போகவில்லை என்று என் அம்மா சொல்லித் தெரிந்துகொண்டேன். மன்னிப்புக் கேட்கப் போகவில்லை. பெயரைத்தான் மாற்றினேனே என்று எனக்கு நானே வக்கீலாக நின்று வாதாடிக்கொண்டிருந்தேன். கேவலமான வக்கீல், அதைவிடக் கேவலமான கட்சிக்காரன்.

சில மாதம் கழித்துச் சென்னையிலிருந்து ஒரு வாரப் பத்திரிகைக்காரர் வந்தார். “உங்க செய்தியை எப்பவோ படிச்சது சார், மறக்கவே முடியல. அந்த அம்மாவைப் பார்க்கணும்” என்றார். சென்னையில் என்னைப் படிக்கிறார்களாம்! வெட்கமே இல்லாமல் கூட்டிக்கொண்டு போனேன்.

எஸ்டேட்டிலிருந்து அப்போதுதான் வந்த மகள், இலை பறிக்க இடுப்பில் கட்டியிருந்த சாக்கை வாசலில் அவிழ்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டாள். அக்கா மட்டும் “வாங்க” என்றார். டீயும் கொடுத்தார். தம்பி என்று சொல்லவில்லை.

சென்னைக்காரர் நோட்டைப் பிரித்தார். “உங்க பேர் சொல்லுங்கம்மா.”

“எம்பேருங்களா?” அக்கா என்னைக் கை காட்டினார். “அதை இவருகிட்டயே கேளுங்க. இவருதானுங்க எனக்குப் பேரு வெச்சவரு.”

சென்னைக்காரர் பேனாவோடு என் பக்கம் திரும்பினார். நான் வைத்த பெயர் எனக்கு ஞாபகம் வரவில்லை.