எனக்கு முன்னால் கரை சேர்ந்த என் குரல்

நான் எந்தக் குழுவிலும் சேராமல் பாடியவள். எழுபதுகளில் பொன்னேரிப் பக்கம் கச்சேரிக் குழுக்களுக்குப் பஞ்சமில்லை. ஒன்றிரண்டு பேர் கூப்பிடவும் செய்தார்கள். பளபளவென்று புடவை கட்டிக்கொண்டு, சினிமாவில் பாடியவர் மாதிரியே பாட வேண்டும். அவர் மூச்சு விட்ட இடத்தில்தான் நானும் மூச்சு விட வேண்டும். என் மூச்சைக்கூட என் இஷ்டத்துக்கு விடக்கூடாதென்றால் எனக்கெதற்கு மேடை? ஆர்மோனியப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, டோலக் அடிக்கும் என் தம்பியோடு பழவேற்காட்டு ஏரியைச் சுற்றக் கிளம்பிவிட்டேன்.

தோணிரேவு, பசியாவரம், அதற்கப்பால் இருக்கும் சின்னச் சின்னக் குப்பங்கள். காது குத்து, மஞ்சள் நீராட்டு, அம்மன் திருவிழா, எதுவானாலும் போவோம். ஆர்மோனியத்துக்கு உப்புக்காற்று ஆகாது. கட்டைகள் ஊறி இறுகிக்கொள்ளும். உள்ளே இருக்கும் ரீடு துருப்பிடித்தால் ஒரு சுரம் ஊமையாகிவிடும். ஒரு வருஷம் முழுக்க மேல் பஞ்சமம் இல்லாமலே ஒப்பேற்றினேன். அந்த இடம் வந்தால் தம்பி டோலக்கை ஓங்கி அடிப்பான், நான் குரலை ஓங்கி எடுப்பேன், ஊர் கை தட்டும்.

ஆனால் பந்தியில் உட்கார்ந்தால்தான் தெரியும் என் மரியாதை. மைக் செட்காரனுக்கு முதல் பந்தி, வறுத்த கெழங்கா மீன், "இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ நைனா" என்கிற உபசாரம். எங்களுக்குக் கடைசிப் பந்தியில் குழம்பின் அடி. அவன் கோபித்துக்கொண்டால் சத்தம் நின்றுவிடுமாம். நான் கோபித்துக்கொண்டால் ஒன்றும் நிற்காது, பாட்டுக்கு ரெக்கார்டு இருக்கிறது. இதை என் முகத்துக்கு நேராகவே சொன்னார்கள்.

ரெக்கார்டு மேல் எனக்கு எந்தக் கோபமும் கிடையாது, அதையும் சொல்லிவிடுகிறேன். நான் பாட்டுக் கற்றதே அதில்தான். பழவேற்காடு கடைத்தெருவுக்குப் பின்னால், பழைய வியாபாரக் குடும்பம் ஒன்றின் வீட்டில் பெட்டி கிராமபோன் இருந்தது. படகுக்குக் காத்திருக்கும் நேரமெல்லாம் அந்த வீட்டுப் பாயம்மா என்னை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, சாவி கொடுத்து ஓடவிடுவாள். எனக்கு ரொம்பப் பிடித்தது ஒரு நாகசுர இசைத்தட்டு. மூன்று நிமிஷத்தில் பக்கம் தீர்ந்துவிடும், ராகம் தீராது. பாதியில் அறுந்து போகும் அந்த ஆலாபனையின் மிச்சத்தை நானே படகில் முனகி முடித்துக்கொள்வேன். இன்னொன்று, கல்யாண வீட்டில் தப்ஸ் கொட்டிப் பாடும் நாலைந்து பேரின் தட்டு. அதில் ஒருவருக்கு இருமல் வந்து அடக்கிக்கொள்வது நன்றாகக் கேட்கும். அந்த இருமலுக்காகவே அதைத் திரும்பப் போடச் சொல்வேன். இவர்களெல்லாம் ரெக்கார்டுக்காகப் போய் உட்கார்ந்து, தெரிந்தே பாடியவர்கள். நான் அப்படி எங்கேயும் போய் உட்காரவில்லை. அதுதான் வித்தியாசம்.

ஏரிப் பக்கத்தில் எனக்கென்று ஒரு பாட்டு இருந்தது. ஏரிக்குள் இருக்கும் ஒரு தீவுக் குப்பம். பேர் சொல்ல மாட்டேன், அங்கே இன்னும் என்னோடு பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். ஏரியில் நல்ல மீன் விழும் இடங்களில் இஷ்டத்துக்கு வலை போட முடியாது. யாருக்கு எந்த நாள், எந்த இடம் என்று சீட்டுப் போட்டு முறை வைத்திருப்பார்கள். ஆடித் திருவிழா கடைசி நாள், பொழுது சாயும் முன்னால், முறை உள்ள வீடு ஒவ்வொன்றையும் ஆண்பிள்ளையின் பேர் சொல்லி அம்மன் முன்னால் பாட்டில் கூப்பிட வேண்டும். "இன்னார் வலை நிறையணும் தாயே" என்று நான் பாடினால் அந்த வீட்டுப் பெண் தட்டோடு வருவாள். பூசாரி தட்டில் ஒரு வேப்பங்கொத்தை வைப்பார். அது படகில் ஏறினால்தான் அந்த வருஷம் அவர்களுக்கு முறை. அம்மன் முன்னால் விழுந்த பேரை ஊர் மாற்றக்கூடாது. செத்தவர் பேர் போகும், தனிக்குடித்தனம் போன மகன் பேர் சேரும். ஒவ்வொரு வருஷமும் ஊர்த் தலைவரான நாட்டார் என் காதருகே சொல்லச் சொல்லப் பாடுவேன். பல வருஷம் பாடினேன். அந்த ஒரு நாள் மட்டும் எனக்கு முதல் பந்தி.

எண்பதுகளில் கேசட் வந்தது. ஒரு ஆடியில் அந்தக் குப்பத்திலிருந்து எனக்குச் சொல்லி அனுப்பவில்லை. தள்ளிப் போட்டிருப்பார்கள் என்று நினைத்து, வேறொரு ஊர்க் காதுகுத்துக்குப் படகேறினோம். ஏரி நடுவில் போகும்போது காற்றில் ஒரு பாட்டு வந்தது. தம்பிதான் முதலில் என் முகத்தைப் பார்த்தான். என் குரல். குழாய் ஸ்பீக்கரில், அந்தக் குப்பத்துக் கரையிலிருந்து. போன வருஷம் நான் பாடும்போது மைக் செட்காரன் கம்பி மாட்டிப் பிடித்து வைத்திருக்கிறான். தம்பியின் டோலக், நடுவில் நான் தண்ணீர் கேட்டது, எல்லாம் அதில் இருக்கிறது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. படகைத் திருப்பச் சொன்னேன். மீனைத் திருடினால் ஊர் கூடி அபராதம் போடுகிறவர்கள், வலையைத் தொட்டால் கையை முறிக்கிறவர்கள், ஒருத்தியின் தொண்டையை எடுத்துக் கம்பத்தில் கட்டித் தொங்கவிட்டுக் கும்பிட்டுக்கொண்டு நிற்கிறார்கள்! இன்று இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்றுதான் கரையில் கால் வைத்தேன்.

ஆனால் அங்கே எனக்கு முன்னாலேயே ஒரு சண்டை தொடங்கிவிட்டது.

கேசட் போன வருஷத்துப் பேர்களைத்தானே கூப்பிடும்? ஐப்பசியில் முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்து செத்துப்போன ஒருவரின் பேரையும் அது கூப்பிட்டுவிட்டது. அவருடைய பெண்சாதி, கழுத்தில் ஒன்றுமில்லாமல், தட்டோடு வந்து பூசாரி முன்னால் நிற்கிறாள். அவளுக்கு இரண்டும் பெண் பிள்ளைகள். ஆண் வாரிசு இல்லையென்று அவர்களுடைய முறையை ஊர் எடுத்துவிட்டிருந்தது. இறால் தடவிப் பிழைத்துக்கொண்டிருந்தாள். ஏரிச் சேற்றில் இடுப்பளவு உட்கார்ந்து கையால் துழாவிப் பிடிப்பது அது. விரல் நுனியெல்லாம் கிழிந்திருக்கும்.

"அம்மன் முன்னாடி பேரு வுழுந்துச்சி. கொத்தக் குடுங்க. என் தம்பி வலை போடுவான்" என்றாள். சத்தமாகக்கூட இல்லை.

"அது மிஷினும்மா. மிஷினு சொன்னா கணக்கா?" என்றார் நாட்டார்.

"அப்ப மத்த வூட்டுக்கெல்லாம் மிஷினு சொல்லித்தானே குடுத்தீங்க?"

நாட்டார் அப்போதுதான் என்னைப் பார்த்தார். "கும்பிடப் போன சாமி குறுக்க வந்த மாதிரி வந்தே! நீயே சொல்லும்மா. இந்தப் பேர நீ கூப்ட்டியா? இது பழைய பாட்டு, நான் இந்த வருஷம் கூப்படலன்னு ஒரு வார்த்த சொல்லிடு. அவங்கவங்க வேலயப் பாக்கலாம்."

நான் சொல்ல வந்ததும் அதேதான். இது பழைய பாட்டு, நான் கூப்பிடவில்லை, என்னைக் கேட்காமல் திருடியது, இது செல்லாது. அந்த ஒரு வார்த்தையில் கேசட் செத்துப்போகும். அடுத்த ஆடியும் அதற்கடுத்த ஆடியும் என்னைத்தான் கூப்பிட்டாக வேண்டும். மைக் செட்காரன் முகம் வெளுத்துப் போய் நின்றான். அதைப் பார்க்க எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா?

அந்தப் பெண் என் பக்கம் திரும்பவே இல்லை. தட்டைப் பிடித்தபடி பூசாரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாடுபட்டவன் செத்தால் அவன் பேரும் செத்துவிட வேண்டும், ஆனால் பாட்டுக்காரி வராவிட்டாலும் அவள் குரல் வேண்டும். என்ன நியாயம் இது? கூழுக்கும் ஆசை மீசைக்கும் ஆசை.

"நாட்டாரே, அது என் குரல்தான். நான்தான் கூப்பிட்டேன்" என்றேன்.

"போன வருஷம்தானே?"

"என் குரல் அம்மன் முன்னாடி இன்னிக்குக் கூப்பிட்டுது. செல்லாதுன்னா எல்லார் கொத்தையும் திருப்பி வாங்குங்க."

வாங்க முடியுமா? கொத்து வாங்கியவர்களெல்லாம் சேர்ந்து சத்தம் போட்டார்கள். பூசாரி அவள் தட்டில் வேப்பங்கொத்தை வைத்தார். அவள் கும்பிட்டாள், அம்மனை. என்னை அல்ல.

மைக் செட்காரன் படகு வரைக்கும் ஓடிவந்தான். "நல்லதாப் போச்சிக்கா. ஊரு முன்னாடி நீயே ஒத்துக்கினே. இனிமே ஒருத்தனும் கேக்க மாட்டான்" என்று பல்லைக் காட்டினான். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வது என்பார்களே, அது நான்தான். தம்பி அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. அவன் டோலக்கும்தானே அந்தக் கேசட்டுக்குள் போய்விட்டது.

மைக் செட்காரன் சொன்னபடியே அடுத்த ஆடிக்கும் கேசட்தான். சுற்று வட்டாரக் குப்பங்களும் அவன் பிடித்து வைத்திருந்த என் மற்றப் பாட்டுகளைக் காப்பி எடுத்துக்கொண்டன. திருமணம், காது குத்து எல்லாவற்றுக்கும் கேசட் போதும் என்றாகிவிட்டது. நாங்கள் காட்டூர்ப் பக்கம் வயல் ஊர்களுக்குப் போக ஆரம்பித்தோம். அங்கே ஏரிப் பாட்டை யார் கேட்பார்கள்?

அதற்கடுத்த ஆடிக்கு முன்னால் நாட்டாரே ஏரியைத் தாண்டி என்னைத் தேடி வந்தார், வெற்றிலை பாக்கு, பழத் தட்டோடு. என் மனசு குதித்ததை மறைக்க மாட்டேன். ஆர்மோனியத்தைத் துடைக்கச் சொல்லித் தம்பிக்குக் கண் காட்டினேன்.

"இந்த வருஷம் நீயே வந்து பாடிடும்மா. மிஷினு வாணாம். ஒரே ரோதனை" என்றார்.

என்ன ரோதனை என்று கேட்டேன். கேசட் பழைய பேர்களையே கூப்பிடுகிறதாம். அந்தப் பெண்ணைப் பார்த்து, நடுவில் புருஷனைப் பறிகொடுத்த இன்னொருத்தியும் தட்டோடு வந்து நின்றாளாம். ஊர் தள்ளி வைத்திருந்த ஒரு குடும்பமும் வந்து கொத்து வாங்கிப் போய்விட்டதாம். பேர் விழுந்தபின் மறுக்கவும் முடியவில்லையாம்.

"அந்த மூணு பேர மட்டும் வுட்டுடு. மத்ததெல்லாம் நான் பக்கத்துல நின்னு சொல்றேன்" என்றார்.

தம்பி பெட்டியைத் துடைப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். அவனுக்கு வீட்டில் இரண்டு குழந்தைகள். எனக்கும் அந்தக் கரையில் நின்று ஒருமுறை வாய்விட்டுப் பாட வேண்டும் என்று ஆசைதான். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகத் தட்டோடு என்னைத் தேடி வந்திருக்கிறார்கள், பாடுவதற்காக இல்லை, மூன்று பேரைப் பாடாமல் விடுவதற்காக.

வெற்றிலைத் தட்டை அவர் பக்கமே தள்ளினேன்.

"மிஷினையே போட்டுக்குங்க நாட்டாரே. அதுக்குத்தான் யாரையும் விடத் தெரியாது."